விதையில்லா அடுக்குமலர்: கொல்கத்தா மாடியில் ஒரு பாறைத் தோட்டம்

கடற்கரை மணலில் இயல்பாக வளரும் பூஞ்செடிகளை உற்று நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். அவற்றுள் பல உயர்ந்து நிற்பதில்லை. நெய்தல் நிலத்து அடும்பு மணலைத் தழுவிப் படர்கிறது. வேறு பல செடிகள் ஒரு சாண் உயரத்தையும் தாண்டாமல், தடித்த இலைகளுடன் தரையோடு தங்கிவிடுகின்றன. உப்புக் காற்றும் சுடுமணலும் நில்லாது வடியும் நீரும் அவற்றுக்கு இவ்வடிவத்தைத் தந்துள்ளன. இத்தகைய செடிகளுக்கு வறட்சி பெரும்பகையன்று. வேரில் தேங்கும் நீரே பகை.

இந்த உண்மையை மனத்திற்கொண்டால், கொல்கத்தாவின் மொட்டைமாடிகளில் கோடைதோறும் பூத்துக் குலுங்கி, மழைக்காலம் முடிவதற்குள் அழுகி மறையும் ஒரு சிறு செடியின் கதை விளங்கிவிடும். தமிழகத்தில் டேபிள் ரோஸ் என்றும் பத்துமணிப் பூ என்றும் அழைக்கப்படும் செடி அது. ரோஜாவைப் போலப் பல அடுக்கு இதழ்களுடன் பூக்கும் அதன் உயர்ந்த வகைகளை ஆண்டுதோறும் விலைகொடுத்து வாங்குவோர் பலர். அவ்வாறு வாங்கத் தேவையில்லை. வடிகாலுள்ள ஒரு சிறு பாறைத் தோட்டமும், மழைக்கு முன் எடுத்துவைக்கும் சில தண்டுத்துண்டுகளும் இருந்தால், ஒரே செடியை ஆண்டுக்கணக்கில் வாழவைக்கலாம்.

செடியும் அதன் இயல்பும்

இதன் தாவரவியற் பெயர் போர்ட்டுலாக்கா கிராண்டிஃபுளோரா. தென் அமெரிக்காவின் அர்ஜென்டினா, தென் பிரேசில், உருகுவே ஆகிய பகுதிகள் இதன் தாயகம். அர்ஜென்டினாவின் மெண்டோசா பகுதி மணல்வெளியிலிருந்து ஜான் கில்லீஸ் என்னும் மருத்துவர் இதனை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார். 1829-ஆம் ஆண்டு வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். நம் வீடுகளில் சமைக்கும் பருப்புக்கீரை இதே பேரினத்தைச் சேர்ந்தது. எனினும் பூவுக்காக வளர்க்கப்படும் இச்செடியைக் கீரையாகக் கருதி உண்ணலாகாது. வீட்டுப் பூனைகளும் நாய்களும் மேயாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்பேரினத்துக்கும் சோழமண்டலக் கடற்கரைக்கும் கொல்கத்தாவுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் சிப்பூரில் உள்ள தாவரவியல் தோட்டம் 1787-இல் ராபர்ட் கிட் என்பவரால் தொடங்கப்பெற்றது. 1793-இல் அதன் பொறுப்பை ஏற்ற வில்லியம் ராக்ஸ்பரோ, அதற்குமுன் சென்னை மாகாணத்தில் பணியாற்றிச் சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஆராய்ந்தவர். மணற்பாங்கான நிலங்களில் கிழங்குபோன்ற வேருடன் ஆண்டுக்கணக்கில் வாழும் ஒரு தாழ்ந்த செடிக்குப் போர்ட்டுலாக்கா டியூபரோசா என்று பெயரிட்டவர் அவரே. நம் மாடியில் பூக்கும் பத்துமணிப் பூவின் நெருங்கிய உறவு அது.

இச்செடியின் பெயர்கள் பலவும் கடிகாரத்தைச் சுற்றியே அமைந்துள்ளன. தமிழிலும் மலையாளத்திலும் பத்துமணி. வியட்நாம் மொழியிலும் அதன் பொருள் பத்துமணிப் பூ என்பதே. வங்காளத்தில் டைம் ஃபூல் என்றும் காஸ் ஃபூல் என்றும் கூறுவர். ஒளியும் வெப்பமும் போதிய அளவை எட்டிய பின்னரே மலர் விரிகிறது, பிற்பகலில் சுருங்கிவிடுகிறது. ஒரு மலருக்கு ஒரு நாளே வாழ்வு. மேகம் மூடிய நாளில் மொட்டுகள் பாதி விரிந்த நிலையிலேயே நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே நாள்தோறும் ஐந்து அல்லது ஆறு மணி நேர நேர்வெயில் கிடைக்காத பால்கனியில் இச்செடியை வைப்பதால் பயனில்லை.

வெயிலைத் தாங்கும் ஆற்றல் இதற்கு எவ்வாறு வந்தது? பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கும்போது நீரையும் இழக்கின்றன. இச்செடி அவ்வாயுவை இலைக்குள் செறிவாக்கிப் பயன்படுத்தும் சி-4 முறையைக் கையாள்கிறது. எனவே சிறிதளவு நீரே போதும். வறட்சி முற்றினால், இரவில் வாயுவை ஏற்றுச் சேமித்துப் பகலில் பயன்படுத்தும் கள்ளிச்செடிகளின் முறையையும் மேற்கொள்ளும். இவ்விரு திறன்களும் ஒரே செடியில் அமைவது அரிது. மே மாத வெயிலில் மாடித்தளம் கொதிக்கும்போதும் இது தளராமல் பூப்பதற்கு இதுவே காரணம். ஆனால் இதே செடிக்கு நான்கு நாள் ஈரமண் எமனாகிவிடும்.

அடுக்குமலருக்கு விதை ஏன் இல்லை?

அடுக்கு நந்தியாவட்டை, அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு அரளி என நாம் அறிந்த அடுக்குமலர்கள் பல. ஒற்றை மலரில் ஐந்து இதழ்களுக்கு நடுவே மகரந்தத் தூள்கள் நிறைந்த கேசரங்கள் இருக்கும். அடுக்குமலரில் அக்கேசரங்களே இதழ்களாக மாறியிருக்கும். 1790-இல் ஜெர்மானியக் கவிஞர் கெதே, தாவரங்களின் உருமாற்றம் பற்றி எழுதிய நூலில் இதனைச் சுட்டினார். மலரின் எந்த வளையத்தில் எந்த உறுப்பு தோன்ற வேண்டும் என்பதைச் சில மரபணுக்கள் கூட்டாக முடிவு செய்கின்றன என்னும் விளக்கம் 1991-இல் அறிவியலாளர்களால் முன்வைக்கப்பட்டது. கேசரத்தை உருவாக்கும் மரபணுவின் செயல் குன்றும்போது அவ்விடத்தில் இதழ் தோன்றிவிடுகிறது.

இதனால் மலருக்கு அழகு மிகுகிறது. ஆனால் மகரந்தம் குறைகிறது. முழு அடுக்குமலர்களில் விதை அரிதாகவே பிடிக்கும். அரையடுக்கு வகைகளில் சிறிது விதை கிடைத்தாலும், அவ்விதையிலிருந்து முளைப்பவை தாய்ச்செடியை ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நிறம் மாறலாம், ஒற்றை மலராகவும் முடியலாம். எனவே நல்ல அடுக்கு வகை ஒன்று தொடர்ந்து வாழ வேண்டுமானால், அதன் தண்டை ஒடித்து மீண்டும் நடும் ஒரு கை வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அக்கை சோர்ந்தால், அவ்வகை அந்த வீட்டிலிருந்து மறைந்துவிடும். சேமிப்பின் மொழியில் கூறினால், பூக்கள் வட்டி, தண்டே அசல்.

பாறைத் தோட்டத்தின் உட்பொருள்

பாறைத் தோட்டம் என்றவுடன் பலருக்கும் சண்டிகரில் நேக் சந்த் அமைத்த சிற்பத் தோட்டம் நினைவுக்கு வரும். இங்கு நாம் கருதுவது கற்களுக்கிடையே செடி வளர்க்கும் தோட்டக்கலை. லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்தில் 1773-இல் அமைக்கப்பெற்ற பாறைத் தோட்டம் ஐரோப்பாவின் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. ஜோசப் பேங்க்ஸ் ஐஸ்லாந்திலிருந்து கொணர்ந்த எரிமலைக் கற்களும், லண்டன் கோபுரத்தின் பழங்கற்களும் அதில் இடம்பெற்றன. பிற்காலத்தில் கொல்கத்தா தாவரவியல் தோட்டம் அமைவதற்கு ஆதரவளித்தவரும் இதே பேங்க்ஸ்தான்.

பிரிட்டனின் கடற்பாறைகளிலும் கூழாங்கற் கரைகளிலும் கடல் கேம்பியன் என்னும் தாழ்ந்த பல்லாண்டுச் செடி வெண்ணிற மலர்களுடன் வளர்கிறது. அதன் அடுக்குமலர் வகையை அந்நாட்டார் பாறைத் தோட்டங்களில் விரும்பி வளர்க்கின்றனர். குளிர்நாட்டுச் செடியாகிய அது கொல்கத்தாவின் கோடைக்குப் பொருந்தாது. ஆயினும் அதனை வளர்க்கும் முறையின் உட்பொருள் நமக்குப் பொருந்தும். கற்களை அழகுக்காக மட்டும் அடுக்குவதில்லை. மேட்டில் நிற்கும் கல் மழைநீரை விலக்குகிறது. கல்லுக்கு அடியில் உள்ள மண் வெப்பம் தணிந்து சிறிது ஈரத்தைக் காக்கிறது. மேலே பரப்பிய சரளை செடியின் கழுத்துப் பகுதியை உலர்வாக வைக்கிறது. வேர் ஈரத்தைத் தேடிச் செல்லலாம்; தண்டு ஈரத்தில் கிடக்கலாகாது. பாறைத் தோட்டக்கலையின் முழுச் சாரமும் இதுவே.

கல்லில்லா நகரத்தில் கல் தேடுதல்

கொல்கத்தா கங்கையின் வண்டலில் எழுந்த நகரம். தோண்டினால் களிமண்ணும் நுண்மணலும் கிடைக்குமேயன்றிப் பாறை கிடைக்காது. ஆண்டு மழை 1,600 மில்லிமீட்டருக்கும் மேல். அதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது. மணல்வெளிச் செடிக்கு இதைவிடக் கடினமான சூழலைக் கருதுவது அரிது.

எனினும் இந்நகரின் கட்டடத்தொழிலே இதற்கு விடை வைத்துள்ளது. கல் அரிதாகையால், செங்கல்லை உடைத்துச் செய்த ஜல்லியைக் கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் வழக்கம் வங்காளத்தில் நெடுங்காலமாக உண்டு. இதனை இங்குக் கோயா என்பர். சூளையில் அளவுக்கு மேல் வெந்து, கருகி, உருகிக் கோணலான செங்கற்களுக்கு ஜாமா என்று பெயர். சுவருக்கு உதவாதவை என்று ஒதுக்கப்படும் இவை, கரடுமுரடான பாறையின் தோற்றமும் உறுதியும் உடையவை, மழையில் கரைவதில்லை. பாறைத் தோட்டத்துக்கு இவற்றினும் ஏற்ற பொருள் இந்நகரில் எளிதில் கிட்டாது.

மணலைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கங்கையின் நுண்மணல் பார்வைக்குத் தூய்மையாக இருப்பினும், களிமண்ணோடு சேர்ந்தால் இறுகி நீர்வழியை அடைத்துவிடும். கட்டடப் பணிக்கு வரும் பரும்படியான ஆற்றுமணலே தேவை. கையில் அள்ளி நீரில் அலசினால் கலங்கல் விரைவில் தெளிய வேண்டும். விரல்களுக்கிடையே நறநறவென்று உராய வேண்டும்.

மாடியின் சுமை

தோட்டத்தைத் தொடங்குமுன் அனைவரும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஈரமண்ணின் எடை, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,700 முதல் 2,000 கிலோ. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரமண் பரப்பினாலே 170 முதல் 200 கிலோ சுமை ஏறிவிடும். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 குறிப்பிடும் பயன்பாட்டுச் சுமை, சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ. மாடி முழுவதும் மண் பரப்பும் எண்ணம் எத்துணை இடர் மிக்கது என்பதை இது உணர்த்தும்.

வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகளில் மரம் அல்லது இரும்பு உத்திரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் இட்ட தளங்கள் உள்ளன. சென்னைப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் தளத்தை ஒத்தவை அவை. அத்தளங்களில் தரைமீது தோட்டம் அமைப்பதை அறவே தவிர்த்து, அகன்ற தொட்டிகளில் மட்டும் வளர்ப்பது நன்று. கான்கிரீட் தளத்திலும் சுமையை நடுவில் குவிக்காமல், தாங்கு சுவர்களை ஒட்டியே வைக்க வேண்டும். பெரிய அளவில் அமைக்க விரும்புவோர் கட்டுமானப் பொறியாளரின் கருத்தை முதலில் பெறுவது முறை. வாடகை வீட்டிலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வசிப்போருக்கு உரிமையாளர் அல்லது குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலும் தேவை.

அமைக்கும் முறை

இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஆறங்குல உயரமும் கொண்ட ஒரு தொட்டி தொடக்கத்துக்குப் போதும். அடியில் விரல் நுழையும் அளவுள்ள துளைகள் ஐந்தாறு இருக்க வேண்டும். தொட்டியைத் தரையில் நேராக வைக்காமல், நான்கு செங்கற்களின்மேல் ஒருபுறம் சற்றே தாழ்ந்திருக்கும்படி வைத்தால் நீர் முழுவதும் வடியும். தளத்திலும் ஈரம் ஊறாது.

அடியில் இரண்டு அங்குலத்துக்கு உடைத்த செங்கல் ஜல்லியை இடுக. அதன்மேல் மண் கலவை. பருமணல் இரண்டு பங்கு, தோட்டமண் ஒரு பங்கு, பொடித்த செங்கல் துண்டுகள் ஒரு பங்கு, மக்கிய இலையுரம் அரைப் பங்கு என்பது ஏற்ற அளவு. கலவையைத் தட்டையாகப் பரப்பாமல், ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் சரிவாகவும் அமைக்க வேண்டும். மேட்டில் ஜாமாத் துண்டுகளில் மூன்றில் ஒரு பகுதி மண்ணுக்குள் புதையுமாறு பதித்தால் அவை அசையாமல் நிற்கும். இயற்கையான பாறைபோலவும் தோன்றும். தண்டுகளைக் கற்களுக்கு இடைப்பட்ட சரிவுகளில் நட்டு, மேலே அரை அங்குலம் சிறு ஜல்லி பரப்பிவிடலாம்.

தொட்டியின் அடியில் நீரேந்தும் தட்டு வைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதில் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்வதோடு, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் இடமளிக்கிறது. வெப்பமான நாட்களில் அக்கொசு, முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஒரு வாரம் முதல் பத்து நாட்களே போதும்; உலர்ந்த தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகளோ பல மாதங்கள் கெடாமல் இருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிந்துவிடும். நீர் தேங்காத தோட்டம் செடிக்கும் நலம். அண்டை வீட்டாருக்கும் நலம்.

ஆண்டுச் சுழற்சி

குளிர் விலகும் பிப்ரவரி பிற்பகுதியே நடவுக்கு உகந்த காலம். பாக்பஜாரை அடுத்த காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையிலும் நகரின் நாற்றுப்பண்ணைகளிலும் அப்போது நாற்றுகள் வந்துவிடும். அலிப்பூரில் உள்ள இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கம், 1820-இல் வில்லியம் கேரியால் நிறுவப்பெற்று இரு நூற்றாண்டுகளைக் கடந்த அமைப்பு. அதன் தோட்டமும் குளிர்கால மலர்க்காட்சியும் கண்டறியத்தக்கவை. வாங்கும்போது முற்பகலில் சென்று, மலர் விரிந்த நிலையில் அடுக்கையும் நிறத்தையும் பார்த்து வாங்குவது நன்று. மாலையில் எல்லாச் செடிகளும் ஒன்றுபோலவே தோன்றும்.

மார்ச் முதல் மே வரை பூக்காலம். மேல்மண் நன்கு உலர்ந்த பின்னரே காலையில் நீர் ஊற்ற வேண்டும். கொல்கத்தாவில் கடுகுப் பிண்ணாக்கை ஊறவைத்த நீரை எல்லாப் பூஞ்செடிகளுக்கும் ஊற்றும் வழக்கம் உண்டு. இச்செடிக்கு அது மிகுந்தால் தண்டு நீர்கொண்டு பருத்து, பூ குறைந்து, எளிதில் அழுகும். மிக நீர்த்த நிலையில் மாதம் ஒருமுறை போதும். நீண்டு தளர்ந்த தண்டுகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் கிள்ளிவிட்டால், பக்கக் கிளைகள் வெடித்துப் பூக்கள் பெருகும். மாலையில் திடீரெனத் திரளும் காலவைசாகிப் புயல்மழையைப் பற்றிக் கவலை வேண்டா. மறுநாள் வெயில் மண்ணை உலர்த்திவிடும்.

மே மாதத்தின் கடைசி வாரமே ஆண்டின் முதன்மையான தருணம். தென்மேற்குப் பருவமழை கொல்கத்தாவை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில் எட்டும். அதற்குமுன், ஒவ்வொரு நிறத்திலும் பூவற்ற இளந்தண்டுகளை இரண்டு அல்லது மூன்று அங்குல நீளத்தில் நறுக்கி, ஒரு நாள் நிழலில் உலரவிட வேண்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பின், அடியிலைகளை நீக்கிப் பருமணல் நிறைந்த சிறு தொட்டிகளில் நட்டால் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் வேர் பிடிக்கும். நிறத்துக்கு நான்கு துண்டுகளாவது வைப்பது பாதுகாப்பு. நிறத்தின் பெயரை எழுதிய குச்சியையும் உடன் நட வேண்டும்.

இச்சிறு தொட்டிகளை மழை நேரே விழாததும் வெயில் வீசுவதுமான சன்னலோரத்திலோ, ஒளி ஊடுருவும் தகட்டுக் கூரையின் கீழோ வைத்து, வாரம் ஒருமுறை மட்டும் சிறிது நீர் விடலாம். மாடியில் உள்ள தாய்ச்செடிகள், மேடும் சரளையும் சரியாக அமைந்திருந்தால், மழையைப் பெரும்பாலும் தாங்கிவிடும். தாங்காவிடினும் அசல் கையிலிருக்கும்.

மழை ஓய்ந்த அக்டோபரில் மீண்டும் ஒருமுறை துண்டுகள் எடுத்துத் தோட்டத்தைப் புதுப்பிக்கலாம். டிசம்பர், ஜனவரியில் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும்; இலைகள் சிறுத்துச் செந்நிறம் கொள்ளும். செடி இறந்ததென்று எண்ணி நீரைப் பெய்வதுதான் அப்போது நேரும் பிழை. உலர்வாக விட்டுவிட்டால் பிப்ரவரியில் தானே தளிர்க்கும்.

நோயும் பூச்சியும்

தண்டின் அடிப்பகுதி கறுத்துக் குழைந்தால் அது தண்டழுகல். அப்பகுதிக்கு மேல் நலமாக உள்ள தண்டை உடனே வெட்டி எடுத்து உலர்த்தி வேறிடத்தில் நட வேண்டும். அழுகிய பகுதியையும் சுற்றியுள்ள மண்ணையும் அகற்ற வேண்டும். வெண்பஞ்சுபோல் ஒட்டும் மாவுப்பூச்சியை, வேப்பெண்ணெய் கலந்த சோப்பு நீரை மாலையில் தெளித்துக் கட்டுப்படுத்தலாம்.

மழைக்கால இரவுகளில் தண்டுகளை மேயும் பெரிய ஆப்பிரிக்க நத்தையும் இங்கு ஒரு தொல்லை. 1847-இல் வில்லியம் பென்சன் என்னும் நத்தை ஆய்வாளர் மொரீஷஸிலிருந்து கொணர்ந்து கொல்கத்தாவில் விட்ட நத்தைகளின் வழியே அது இந்தியாவுக்குள் நுழைந்தது. தொட்டிகளை உயர்த்தி வைப்பதும், இரவில் விளக்குடன் சென்று கையுறை அணிந்து பொறுக்கி அகற்றுவதுமே எளிய வழி. வெறுங்கையால் அதனைத் தொடலாகாது.

ஒற்றை மலருக்கும் ஓரிடம்

அடுக்கு வகைகளை மட்டுமே வளர்த்தால் மாடி அழகாயிருக்கும். ஆனால் தேனீக்களுக்கு அதில் உணவு குறைவு. தோட்டத்தின் ஒரு மூலையில் ஐந்திதழ் ஒற்றை வகையையும் நடுவது நன்று. அதன் கேசரங்களை விரலால் மெல்லத் தொட்டால், அவை தொட்ட திசையை நோக்கிச் சாய்வதைக் காணலாம். வரும் பூச்சியின் உடலில் மகரந்தத்தைப் பூசுவதற்கான ஏற்பாடு அது. சில நாட்களில், மூடி கழன்ற செப்புபோலத் திறக்கும் சிறு காயையும், அதனுள் மணலினும் நுண்ணிய விதைகளையும் காணலாம். இல்லத்துச் சிறுவர்களுக்கு இதுவே ஒரு தாவரவியல் பாடம்.

அடுக்கு வகையைக் காக்கும் உறுதியான வழி, அதனைப் பிறருக்குக் கொடுத்துவைப்பதே. ஒரே மாடியில் உள்ள செடி ஒரே மழையில் போய்விடலாம். லேக் மார்க்கெட்டில் ஒரு வீட்டிலும் சால்ட் லேக்கில் ஒரு வீட்டிலும் உள்ள செடி ஒருசேர அழிவதில்லை. மே இறுதியில் துண்டுகள் நறுக்கும்போது, இரண்டை அண்டை வீட்டுக்கும் இரண்டை நண்பர் வீட்டுக்கும் அனுப்புங்கள். செப்டம்பரில் தங்கள் தொட்டி வெறுமையாயிருந்தால், அங்கிருந்து இரண்டு துண்டுகள் திரும்பி வரும்.